நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

வீரபாண்டிப் பிரிவுக்கு அக்கட்ட
எங்கள் சாயப்பட்டறை ஆய்வகத்தில்
ராத்திரி ஷிப்டுக்கு நானும் பன்னிரண்டு குடுவைகளும்.
குடுவைகள் அறுபது டிகிரிக்கு ஏறி இறங்குகிற நேரத்தில்
நான் ரோமாபுரிக்குப் போய்விட்டு வந்துவிடுவேன்.

வழி சுலபம்.
பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாரப்பன் கடையில்
எடைக்கு வந்த புத்தகம், எண்பது ரூபாய்,
அட்டையில் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம்.
திறந்தால் மழை. ஐந்து மாடிக் குடித்தனம்.
ஒழுகுகிற மேல்மாடி அறையில்
வீபியஸ் என்று ஒருத்தன்,
மனு எழுதிப் பிழைக்கிறவன்,
மூன்று மாச வாடகை பாக்கி.
வாடகை பாக்கி வைத்தவனை எனக்குச்
சட்டென்று பிடித்துவிடுகிறது.

கீழே தெருவில் ஒருத்தி மீன்சாறு விற்கிறாள்.
பொதுக் குளியல் மண்டபத்தில்
சுடுநீர்த் தொட்டியில் மிதக்கிறது ஒரு செனட்டரின் பிணம்.
இங்கே பாய்லர் பெருமூச்சு விடுகிறது.
பிணத்தின் விரலில் மோதிரம். மோதிரத்தில்
கடல் தாண்டி வந்த வெளிர்பச்சைக் கல் என்று
ஒரே ஒரு வரி.
எந்த ஊர்க் கல் என்று எழுதியவர் சொல்லவில்லை.
"நம்ம படியூர்க் கல்லுங்க" என்று
நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
பாய்லர் ஆபரேட்டர் சென்னியப்பன் எட்டிப் பார்த்தார்.
"யாருகிட்டப் பேசறீங்க?"

நாற்பதாம் பக்க ஓரத்தில்
பென்சிலில் எவனோ எழுதியிருந்தான்:
'கொன்னது சமையக்காரன்.'
அடப்பாவி.
முந்நூறு பக்கச் சோற்றில்
முதல் கவளத்திலேயே கல்.
இரண்டு நாள் புத்தகத்தைத் தொடவில்லை.
தொட்டபின், சமையல்காரன் வருகிற இடமெல்லாம்
அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாவம், பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
சாயப்பட்டறை முதலாளி ஸ்டாட்டியஸ் சாட்சி சொல்கிறான்:
'அந்த ராத்திரி பட்டறையை விட்டு நான் அசையவில்லை.
ஆள் இல்லாததால் நானே துணியைத் தூக்கினேன்.
விளக்கொளியில், தொட்டிக்குள்
ராஜ ஊதா தகதகத்தது.'

உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றுவிட்டேன்.
தொட்டிக்குள்ளா? ஊதாவா?
தொட்டிக்குள் அது மஞ்சள் படிந்த சவலைப் பச்சை.
மேலே தூக்கி, காற்றுப் பட்டு,
சித்த நேரம் கழித்துத்தான்
நிறம் தன் பேரைச் சொல்லும்.
நத்தைச் சாயமானாலும் அவுரியானாலும்
இதுதான் குணம். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்.
இவன் அந்த ராத்திரி தொட்டிப் பக்கமே போகவில்லை.
அந்த ராத்திரி என்ன,
எந்த ராத்திரியும் போனதில்லை.
முதலாளிதானே.

வீபியஸுக்கு இது உறைக்கவில்லை.
மீன்சாறுக்காரியை விசாரிக்கிறான்,
சமையல்காரன் அடி வாங்குவதைப் பார்த்து நிற்கிறான்,
நடுவில் ஒரு விதவையைக் காதலிக்கிறான்,
இருநூற்று எழுபது வரைக்கும் சும்மா சுற்றுகிறான்.
ரோமாபுரி முழுக்கப் புத்திசாலிகள்,
சாயத்தில் கை நனைத்தவர் ஒருத்தரும் இல்லை.
எனக்குக் கோபம் வரவில்லை.
தெரிந்துகொண்டு காத்திருப்பது
ஒறம்பரை வீட்டில் உட்கார்ந்திருக்கையில்
உள்ளே கறி வேகிற வாசம் மாதிரி.

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டில் பிடிபட்டான்.
ஊதாவால் அல்ல, ஒரு செருப்பு வாரால்.
நூற்றுப் பன்னிரண்டை
எழுதியவரே கவனிக்கவில்லையோ என்னமோ.

பென்சில் எழுத்தை அழிக்க மனம் வரவில்லை.
அதன் கீழே எழுதினேன்:
'இல்லைங்க. 112 பாருங்க.'
பேர் போடவில்லை,
கொன்றவன் பேரும், என் பேரும்.

மாரப்பன் கடையில் இரண்டாம் பாகம் இல்லை,
மூன்றாவதுதான் இருந்தது.
முதல் பக்கத்திலேயே வீபியஸ் வந்துவிட்டான்.
வாடகை கட்டியிருக்கிறான்.
இடது காது இல்லை.
அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை,
அந்த விதவைகூட.

அந்தக் காது எங்கே போச்சென்று
ஈரோட்டில் கேட்டேன், கோபியில் கேட்டேன்.
காங்கேயத்தில் ஒருத்தர்
திங்கட்கிழமை வந்து பாருங்க என்றிருக்கிறார்.