அன்று காற்று இல்லை

புன்டா அரேனாஸ் துறைமுகத்தில்
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, என்னுடையது.
காற்று எழுபதைத் தொட்டால் கிரேனை நிறுத்தியாக வேண்டும்.
நிறுத்திவிட்டால் வேலையும் இல்லை,
படியில் இறங்கவும் முடியாது.
அப்படி மாட்டிக்கொண்ட ஒரு மதியம்தான்
கைபேசியில் யாஸ்னா குஸ்மானிச்சைப் பார்த்தேன்.

பார்த்தேன் என்றால், அவள் கைகளை.
சாண் உயரத்தில் ஒரு தபால்காரி,
கம்பிதான் எலும்பு, பழைய கையுறைதான் கோட்டு.
சதுக்கத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி
எதிர்காற்றில் தெருவைக் கடக்கிறாள். கதை அவ்வளவுதான்.
கையை ஒரு மயிரிழை நகர்த்து, படம் எடு.
இன்னொரு மயிரிழை, படம் எடு.
நாளெல்லாம் உழைத்தால் நான்கு நொடி.

எல்லாவற்றையும் நேரலையில் காட்டினாள்:
முட்டை அட்டையின் குழிகளில் அடுக்கிய வாய்களை,
‘ஓ’ என்னும் வாய் தொலைந்துபோக
மேசைக்கடியில் தவழ்ந்து தேடியதை,
பசை இளகிக் கழன்ற மூக்கை,
மின்கட்டண ரசீதின் முதுகில் போட்ட கணக்கை.
பார்த்தவர்கள் ஒன்பது பேர்.
அதில் ஒருவர் அவள் அண்ணன்.

நவம்பரில் ஒருநாள் வீடே ஆடியது.
கூரைத் தகரம் அலற, மேசை துள்ளி
முந்நூற்று நாற்பது படங்கள் பாழ்.
வேறொருத்தி என்றால் அழித்திருப்பாள்.
இவள் ஓட்டிக் காட்டினாள்.
கதைக்குள் வீசவேண்டிய காற்று
கதைக்கு வெளியிலிருந்து வந்து
தபால்காரியைத் தள்ளியது.
அதுவரை நடித்துக்கொண்டிருந்த பொம்மை
முதன்முறையாகப் பயந்தது.

விடிவதற்குள் ஒன்பது, ஒன்பதாயிரம்.
அதன்பின் எல்லோருக்கும் காற்றுதான் வேண்டும்.
மூக்கு ஒட்டினால் கொட்டாவி விட்டார்கள்.

டிசம்பர் பதினான்கு.
மேசை துள்ளியது, தபால்காரி சரிந்தாள்,
உலகம் ஆஹா என்றது.
நான் கூண்டில் இருந்தேன்.
காற்றுமானியில் ஆறு.
இஸ்திரி போட்ட துணிபோலக் கிடந்தது நீரிணை.
அன்று நாற்பத்தொரு கன்டெய்னர் இறக்கினேன்,
ஒன்றுகூட அசையவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை.
பொம்மையை நடக்கவைத்துப் பிழைப்பவளிடம்
எதைப் பொய் என்று சொல்வது?
ஆனாலும் உறுத்தியது.
என் தொழிலில் காற்றுக்கு ஒரே ஒரு எண்தான்.

மூன்று நாள் திரை இருட்டு.
நான்காம் நாள் காமிரா மேசைக்குக் கீழே இருந்தது.
தெரிந்தது ஒரு முழங்கால்,
நீலக் கால்சட்டை, ஓரத்தில் பசைக்கறை.
அது எழும்பிப் பலகையை இடித்தது.
மேலே ஏதோ விழும் சத்தம்.
“இதுதான் அன்றைய காற்று” என்றாள்.
மறுபடி இடித்தாள்.
எந்த அளவு இடித்தால் எந்த அளவு சரியும் என்று
மூக்கை ஒட்டக் கற்றுத்தந்த அதே பொறுமையோடு விளக்கினாள்.
குரல் பிசிறியது, நிறுத்தவில்லை.

பாதிப்பேர் அன்றே போனார்கள்.
மிச்சத்தில் பாதி, வாரக் கடைசியில்.
அண்ணன்கூடப் போய்விட்டு
பிறகு சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தார்.

இன்று எண்பத்து நான்கு. கிரேன் நிற்கிறது.
மேட்டில் நூறு தகரக் கூரைகள்,
அவளுடையது எதுவென்று தெரியாது.
மேற்கிலிருந்து வரும் காற்று
மேட்டைக் கடந்துதான் என்னிடம் வரும்.
திரையில் மேசை துள்ளுகிறது.
அவள் இரு கைகளையும் மேலே தூக்கிக் காட்டுகிறாள்,
முழங்காலைத் தள்ளி நீட்டிக் காட்டுகிறாள்.
நான் எண்ணுகிறேன்,
ஒன்று, இரண்டு, மூன்று,

கூண்டு ஆடுகிறது.