ஒரே ஈரல்காரர்கள்

மேசையில் இரண்டு கண்ணாடித் துண்டுகள்.
ஒரே ஆள்.
நடுவில் மூன்று குளிர்காலம்.

எண்ணை மட்டும் அனுப்ப வேண்டும் என்பது விதி.
சீட்டின் ஓரத்தில் யாரோ பென்சிலால் எழுதிவிட்டார்கள்:
லுவ்சன்தாஷ், ஐம்பத்து நான்கு,
பிறந்தது அர்வைஹேர்,
உலான்பாத்தரின் வடக்கு மேட்டில் தண்ணீர் லாரி ஓட்டுகிறார்.

என் வயது. என் ஊர்.

நலமான ஈரலில் நட்சத்திர செல்கள் உண்டு.
ரத்த ஓடைகளின் கரையில்
வைட்டமின் ஏ-யைச் சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்துக்கொண்டு
வேலையற்றவை போலக் கிடக்கும்.
உறையவைத்துச் சீவிய திசுவில் புற ஊதா ஒளி பட்டால்
பச்சை கலந்த நீலமாய் ஒளிர்ந்து
ஒரு மூச்சுக்குள் மங்கிவிடும்.
இருபது வருடத்தில் ஒருமுறையும்
ஒழுங்காகப் படம் எடுக்க முடிந்ததில்லை எனக்கு.

பழைய துண்டில் அந்த ஒளிக்கு வழியே இல்லை.
தழும்பை மட்டும் பிடிக்கும் சிவப்புச் சாயம்
தீவு தீவாய் வேலி கட்டியிருந்தது.

யாரும் தீமை நினைக்கவில்லை.
வைரஸ் புகுந்த செல் செத்தது.
காவல் செல்கள் பிணத்தைத் தின்றன,
தின்றவாறே கூவின.
கூவல் ஒரு சின்னப் புரதம்;
நட்சத்திரத்தின் கதவைத் தட்டும்.
அது தன் எண்ணெய்த் துளிகளைக் கீழே போட்டது,
நீண்டது, தசைபோல் இறுகக் கற்றது,
கொலாஜன் நூற்கத் தொடங்கியது.
ஒருநாள் காயத்துக்கு அது கட்டு.
நாற்பது வருடக் காயத்துக்குச் சுவர்.
சல்லடையாய் இருந்த ஓடைக்கரை அடைபட,
உள்ளே போக வழியில்லாத ரத்தம்
உணவுக்குழாயின் மெல்லிய நரம்புகளில் ஏறி நின்றது.
ஈரம் போய்க் கல் மிஞ்சியது.

மூன்றாம் வகுப்பு.
அடுப்பில் கொதிக்கும் தட்டு, கண்ணாடி ஊசிக்குழல்,
முனை மழுங்கும்வரை ஒரே ஊசி.
வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பையன் அழுதான்.
கம்பளிக் காலணியில் மூத்திரம் போனது.
அவன் பெயர் நினைவில்லை.

எங்கள் மொழியில் சொந்தக்காரரை
ஒரே ஈரல் உள்ளவர் என்போம்.
அந்தக் காலையில் நாங்கள் முப்பத்தொரு பேர்.

இரண்டாம் துண்டு.
பன்னிரண்டு வாரம் மாத்திரை தின்றிருக்கிறார்;
வைரஸின் சுவடே இல்லை.
சிவப்பு மெலிந்திருந்தது. வேலி அங்கங்கே அறுந்து
நூல் நூலாய்க் கிடந்தது.
நட்சத்திரங்கள் மறுபடி அடங்கியிருந்தன,
மறந்துவிடவில்லை:
இன்னொரு முறை தட்டினால் முன்பைவிட விரைந்து எழும்.
எங்ஜர்கலைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"அடேயப்பா" என்றாள். தேநீர் வைக்கப் போனாள்.

துண்டை இடப்பக்கம் நகர்த்தினேன்.

இழந்ததை ஈடுகட்டப்
பிரிந்து பிரிந்து பெருகிய செல்கள்.
ஒவ்வொரு பிரிவிலும் மரபிழையின் நுனி
கயிற்றின் முனைபோல் கொஞ்சம் பிய்யும்.
பிய்ந்து முடிந்தால் நின்றுவிட வேண்டும்.
ஒன்றில் ஒரேயோர் எழுத்து மாறியிருக்கிறது.
கருவில் தூங்கப் போன நொதி விழித்து
நுனியை மறுபடி மறுபடி முடிகிறது.
சாகத் தெரியாமல் போன அதன் பிள்ளைகள்
ஓரடுக்காய் நிற்க வேண்டிய இடத்தில்
நான்கடுக்காய், நெரிசலாய்.
பன்னிரண்டு மில்லிமீட்டர்.

வெட்டி எடுக்கக்கூடிய அளவு என்று எழுதினேன்.
'உடனே' என்ற சொல்லைச் சேர்த்தேன்; அடித்தேன்;
திரும்ப எழுதினேன்.

ஜன்னலில் நிலக்கரிப் புகை. வெளியே மைனஸ் முப்பத்திரண்டு.
இந்நேரம் அவர் எங்கோ ஒரு மேட்டில்
உறைந்த குழாயை வெந்நீரால் இளக்கிக்கொண்டிருப்பார்,
டப்பாக்களோடு வரிசை நிற்கும்.

நான் ஒருமுறைகூட என் ரத்தத்தைச் சோதித்ததில்லை.
பல பேருடையதைச் சோதித்தவள்.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
சட்டைக்கையைச் சுருட்டி எங்ஜர்கலிடம் நீட்டினேன்.
ரப்பர் பட்டையைக் கட்டியவள்
சீட்டில் என் பெயர் எழுதப் போனாள்.

எண் மட்டும் போதும் என்றேன்.