உள்நாட்டுப் பரிகாரம்

புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு எதிர் ஒழுங்கையில்,
காக்கை எச்சம் காய்ந்த மாடிப்படிகளுக்கு மேலே
என் மேசை.
உறுதி, சத்தியக்கடதாசி, பிறப்புப் பதிவின் மொழிபெயர்ப்பு,
பக்கத்துக்கு இத்தனை ரூபாய்.
ஜெனீவாவுக்குப் போகும் படிவத்துக்கு
இன்னும் விலை வைக்கவில்லை.

பவளராணி பொலித்தீன் பையை அவிழ்க்கிறாள்.
தம்பியின் அடையாள அட்டைப் பிரதி,
பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி,
ஐந்தாம் குறுக்குத் தெருக் கடையின் சம்பளத் துண்டு
(வெங்காய வாசம் இன்னும் இருக்கிறது என்கிறாள்;
எனக்குத் தெரியவில்லை).

பெயர், நேசகுமார். பிறந்த திகதி. தொழில்.
இணைப்பில் அங்க அடையாளம் எழுதலாம் என்றேன்.
உயரத்தில் தடுமாறினாள்.
எழுந்து சுவரோடு நின்று,
தலைக்கு மேலே உள்ளங்கையைக் கிடையாகப் பிடித்து
"இவ்வளவு" என்றாள்.
கைக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டு
நாடா பிடித்து அளந்தேன்:
ஐந்தடி ஆறரை அங்குலம்.

"எப்போது காணாமல் போனார்?"
பழகிய வாய், தவறிவிட்டது.
"அவன் போகல்ல.
ஜிந்துப்பிட்டிச் சந்தியில வச்சு ஏத்திட்டுப் போனாங்க.
போறவன்னா செருப்பப் போட்டுட்டுல்ல போயிருப்பான்."
வினையைத் திருத்தினேன்.

பிறகு அந்தக் கேள்வி:
உள்நாட்டுப் பரிகாரங்கள் யாவும் நாடப்பட்டனவா?

"பரிகாரமா? எல்லாம் செஞ்சாச்சு."
விரல் மடக்கத் தொடங்கினாள்.
கொச்சிக்கடை அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய்.
கப்டன் கார்டனில் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு.
முகத்துவாரம் காளிக்குத் தேங்காய்.
தெவட்டகஹ பள்ளியில் மந்திரித்த நூல்.
"அதில்லை அக்கா, வழக்கு..."
"அதுவுந்தான்."
அதே கையில், நிறுத்தாமல்:
கொட்டாஞ்சேனைப் பொலிஸ், மூன்று தரம்.
பொரளை ஆணைக்குழு, வரிசையில் நாற்பத்தொன்று.
உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போயிருக்கவேண்டும் என்று
யாரோ இரண்டாம் மாதம் சொன்னார்களாம்.
மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு:
எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்குச் சுகமில்லை, தவணை.
நீதிபதி மாற்றம், தவணை.
கோப்பு காணாமல் போயிற்று
(அது மட்டும் தானாகவே போயிற்று), தவணை.
பதினொரு வருடம்.

பரிகாரம் நியாயமின்றி நீண்டாலும் முறையிடலாம் என்று
படிவத்தின் அடியில் சிற்றெழுத்தில் இருந்தது.
அந்த வரியின் கீழ் எல்லாத் தவணைகளையும்
திகதியோடு இறக்கினேன்.
முதல் நாலையும் எழுதவில்லை.
எழுதியிருக்கலாம்.
அங்கேயும் தீர்ப்பு வரவில்லைதான்,
ஆனால் தவணை கேட்ட தெய்வம் ஒன்றுமில்லை.

"அங்கருந்து என்ன செய்வாங்க? ஆள் அனுப்புவாங்களா?"
பொய் சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.
"கடிதம் அனுப்புவாங்க."
"யாருக்கு?"
"அரசாங்கத்துக்கு. கோட்டையில, அமைச்சுக்கு."
சன்னலால் அந்தத் திசையைப் பார்த்தாள்.
இங்கிருந்து நடந்தால் அரை மணி நேரமில்லை.
"அத நானே கொண்டுபோய்க் குடுத்தேனே. ரெண்டு தரம்.
கேட்டுக்காரன் வாங்கல்ல."

ஆகவேதான் அக்கா,
கடலுக்கு அப்பால் போய்த் திரும்பி வருகிற கடிதம்.
அதை வாங்குவார்கள்.
வாங்கியதாகப் பதிவார்கள்.
ஆறு மாதமோ, கேட்டு வாங்கிய இன்னும் ஆறோ கழித்துப்
பதில் என்று ஒன்று வரும், பெரும்பாலும் மறுப்பு.
ஆனால் அதற்காக, குளிரூட்டிய அறையில் ஒருவர் உட்கார்ந்து
நே ச கு மா ர் என்று
எழுத்துக்கூட்டித் தட்டச்சுச் செய்தே ஆகவேண்டும்.

இதைச் சத்தமாகச் சொன்னேனா, நினைவில்லை.

அனுப்பியாயிற்று என்றதும் துண்டு கேட்டாள்.
மின்னஞ்சலுக்குத் துண்டு இல்லை.
திரையை அச்சடித்துக் கொடுத்தேன்;
நாலாய் மடித்து, சம்பளத் துண்டோடு வைத்தாள்.

சித்திரைக்கு முன் மாடி முழுக்கச் சுண்ணாம்பு அடிக்க
வீட்டுக்காரர் ஆள் விட்டார்.
அந்தப் பக்கச் சுவரை மட்டும் விடு என்றேன்.
ஏன் சேர், என்றான், தூரிகை சொட்டச் சொட்ட.
பென்சில் கோட்டைக் காட்டி,
"விசாரணையில இருக்கு" என்றேன்.