கட்

மஞ்சக்குப்பம் மின்வாரியப் புகார் மேசை.
இரவு ஷிஃப்டில் நான், ஒரு போன், ஒரு நோட்டு,
டியூப்லைட் பட்டைக்குப் பின்னால் ஒரு பல்லி.

ஐப்பசி பிறந்துவிட்டால் ஊருக்கே ஒரு சொல்தான்.
செம்மண்டலத்தில் கட்டு.
பாதிரிக்குப்பத்தில் ஒரு ஃபேஸ் மட்டும் கட்டு.
"எங்க தெருவுல மட்டும் ஏம்மா கட்டு,
எதிர்த்தெருவுல எரியுதே?" என்பவருக்கு
வேண்டியது கரண்ட் இல்லை, நியாயம்.

பத்தாம் வகுப்பில் இங்கிலீஷ் வினைச்சொல் அட்டவணை இருந்தது.
கோ, வென்ட், கான் என்று எல்லாம் வேஷம் மாற்றும்.
இது மட்டும் கட், கட், கட்.
நேற்றும் அதே, இன்றும் அதே, நடந்து முடிந்த பிறகும் அதே.
படிக்காமலே எனக்கு மார்க் தந்த ஒரே வினை.
அதனால் அதன்மேல் கொஞ்சம் பட்சம்.

இங்கே வந்து அது நன்றாகவே பிழைத்துக்கொண்டது.
பாதி வழியில் திரும்பும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது.
மதிய ஆட்டத்துக்குப் போகிற பையனோடு சுவர் ஏறிக் குதித்தது.
ஒயர்மேன் பெரியாண்டவர்
ஆல்பேட்டை தாண்டிப் போய்ப் போட்டு வருவது கட்டிங்.
அன்றைக்கெல்லாம் நான் ஏணியை
ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிடுவேன்.
சாவி எங்கே என்று கேட்டால் சாவியா என்பேன்.

ஒரு உகரம் சேர்த்து அதை வீட்டுக்குள் விட்டோம்.
உள்ளே ஏற்கெனவே அதே பெயரில் ஒருத்தி இருந்தாள்.
தாலிக்கு அவள், கொத்தனாருக்கு அவள்,
பூக்காரிக்கும் சீட்டுப் பணத்துக்கும் அவள்.
அறுப்பதும் முடிவதும் ஒரே கூரையில், ஒரே பெயரில்.
தபால்காரர்கூடத் தடுமாறியதில்லை.

ஒரு முறை தவிர.

காற்று தகரங்களைக் கழற்றிக்கொண்டு போன இரவு.
எனக்கும் தணிகாசலத்துக்கும் நாலு நாளாய்ப் பேச்சு கட்.
காரணம் அவன் அக்கா வீட்டு மோதிரம், அதை விடுங்கள்.
என் செல்லில் சார்ஜ் இல்லை.
அவன் புகார் எண்ணுக்கே அடித்தான்,
நுகர்வோர் மாதிரி.
முதுநகர் துறைமுகத்தில் படகோடு நின்றிருந்தான்.
பின்னால் காற்றா கடலா ஆட்களா தெரியாத கத்தல்.
"கயிறு கட்ட்" என்றான்.
லைன் கட்.

கட்டியாச்சா.
கட்டாயிடுச்சா.
நடுவில் ஒரே ஒரு எழுத்து, அது கம்பியில் எங்கோ தொங்குகிறது.
திரும்ப அடித்தால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றாள்
எந்தக் காற்றும் கலைக்காத குரலில் ஒருத்தி.

அதற்குப் பிறகு நாற்பத்தொரு அழைப்பு.
எல்லாரும் கட்டு என்றார்கள்.
எந்தக் கட்டு என்று ஒருவரிடம் கேட்டேவிட்டேன்.
அவர் என் பெயரையும் பதவியையும் கேட்டு எழுதிக்கொண்டார்.

விடியும் முன் ஸ்கூட்டியில் கெடிலம் பாலம் தாண்டினேன்.
படகு இருந்தது.
கயிற்றின் நடுவில் முழங்கைப் பருமனில் ஒரு முடிச்சு,
பிய்ந்த இரண்டு முனைகளும் அதன் வாய்க்குள்.
தணிகாசலம் ஐஸ் பெட்டிமேல் தூங்கிக்கொண்டிருந்தான்,
உள்ளங்கையில் தோல் இல்லாமல்.

எழுப்பி, போனில் சொன்னது எந்தக் கட்டு என்றேன்.
"டீ வாங்கிட்டு வா" என்றான்.
நாலு நாளில் முழுசாக வந்து சேர்ந்த
முதல் வாக்கியம்.

மாற்று ஆள் வருமுன் கிளம்பியதற்கு
அரை நாள் சம்பளம் கட்.
அந்த மெமோவை இருமுறை படித்தேன்.
அதில் எந்தக் குழப்பமும் இல்லை.