பூனைவாசல்

நவம்பரில் கால்வே நகரத்துச் சூரியன்
கடன் வாங்கினவன் மாதிரி
பத்தரைக்குத் தலைகாட்டி மூன்றுக்குள் நழுவிவிடும்.
கூரையில் ஒட்டிய சோலார் பலகை
நாள் முழுக்க அண்ணாந்து கிடந்து
கைபேசியைக் கால்வாசி நிரப்பும்.
அதற்கே மூச்சு வாங்கும்.

ஆகவே கம்பி.
இருபத்தைந்து மீட்டர், ஆரஞ்சு நிறம்.
கரோட் லாலி வீட்டுப் பக்கக்கதவில்
பூனைக்கென்று வெட்டிய வாசல் வழியே வெளிவந்து
நடைபாதையில் ரப்பர் மேட்டுக்கடியில் பதுங்கி
என் வேனின் விலாவில் சொருகிக்கொள்கிறது.
பூனை செத்து இரண்டு வருடமாம்.
"அந்தக் கதவு சும்மாதானே அடித்துக்கொண்டிருக்கிறது" என்றார்.
ஒப்பந்தம் அவ்வளவுதான்.
வெள்ளிக்கிழமைதோறும் ஜாம் பாட்டிலில் பதினைந்து யூரோ.

(ஓர் அறைக்கு ஆயிரத்து நூறு கேட்டார்கள்.
ஜன்னல் இல்லாத அறை.
வேனில் ஆறு ஜன்னல்.)

முதல் வாரம் கம்பியை உருளையிலேயே விட்டுவைத்தேன்.
சுருண்டு கிடந்தால் அது தன்னையே சுட்டுக்கொள்ளும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
பிளாஸ்டிக் இளகும் வாசனையில் விழித்தேன்.
இப்போது மிச்சக் கம்பி வண்டிக்கடியில்
காயப்போட்ட குடல் மாதிரி பரந்து கிடக்கிறது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
ஊரார் விரிப்புகளை வெந்நீருக்கு அனுப்பிவிட்டு
நள்ளிரவு தாண்டி வந்தால்
கெட்டிலா ஹீட்டரா, ஒன்றுதான்.
இரண்டையும் போட்டால் அவர் வீடே இருண்டுபோகும்.
டீ கொதிக்கும்வரை நடுங்குவேன்.
டீ ஆறும்வரை குளிர்காய்வேன்.

ஆறே முக்காலுக்கு
அணைக்காமல் தூங்கிப்போன குண்டு பல்பு கண்ணைச் சுருக்கும்.
அவர் ஷவரைத் திருகிவிட்டார்.
தண்ணீரை அங்கேயே காய்ச்சித் தரும் பெட்டி அது,
தெருவையே உறிஞ்சுகிற மாதிரி இழுக்கும்.
எட்டு நிமிடம்.
பல்பு நிமிரும்.
கரோட் லாலி துவட்டிக்கொள்கிறார்.
நான் புரண்டு படுப்பேன்.

போன செவ்வாய்
பல்பு சுருங்கியது. நிமிரவில்லை.
பத்து. பதினைந்து.
இருபதாம் நிமிடம்
ஒரு காலில் மட்டும் பூட்ஸோடு
மழையில் மண்டியிட்டு
பூனைவாசலுக்குள் தலையை நுழைத்து
"மிஸ்டர் லாலி! மிஸ்டர் லாலி!"
உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.
கம்பி என் கழுத்தில் உரசியது, இளஞ்சூடாக.

எதிர்வீட்டில் மிஸஸ் டூயி திரையை விலக்கினாள்.
அவளுக்குத் தெரிந்தது
வேன்காரியின் கீழ்ப்பாதி மட்டும்.

முதலில் வந்தது பாதங்கள்தான்.
ஈரமாய், நரம்போடி, கோபமாய்.
"ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்" என்றார்.
"இன்றைக்கு எழுபது.
ஒருநாளாவது எலும்புவரை சூடேறட்டுமே என்று."
பிறகு, குரல் இறங்கி:
"நான் குளிப்பது உனக்கு எப்படித் தெரியும், ப்ளானிட்?"

சொன்னேன்.
கதவின் ஓட்டையில் கன்னத்தை வைத்துக்கொண்டு
இதைச் சொல்ல நல்ல விதம் ஏதும் இல்லை.

கொஞ்ச நேரம் சொட்டிக்கொண்டே நின்றார்.
"மீட்டர் என் கட்டிலுக்கு நேர் மேலே.
அதில் ஒரு சிவப்புப் புள்ளி துடிக்கும்.
மூன்று மணிக்குத் துடிப்பு தளர்ந்துவிடுகிறது.
தினமும். ஹீட்டரை அணைக்கிறாய். ஏன்?"

அலமாரியில் ஜாம் பாட்டில்.
தரையிலிருந்து பார்த்தால்
அதன் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது.
நாணயங்களின் வயிறு.

"எரியட்டும்" என்றார்.
"அது தளர்ந்தால் எனக்குத் தூக்கம் கலைகிறது."

வியாழனன்று நகராட்சிக் கடிதம் வந்தது.
நடைபாதையில் இடறும் பொருள்,
பதினான்கு நாள் அவகாசம்.
அதைப் படித்துவிட்டு
பூனைவாசலின் காற்றிடுக்கில் மடித்துச் சொருகினார்.
இன்று ஆறாம் நாள்.

மணி மூன்றே கால்.
ஹீட்டர் ஓடுகிறது.