பதினாலு பேர், ஒரு டியூப்

ஆனக்கரைக் கடைக்காரர் சீட்டுக் கேட்கவில்லை.
என் கையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்,
"புரட்டிக்கோ, மாறும்" என்றார்.
மலையாளத்தில் மாறும் என்றால் தீரும்.
கம்பத்தில் மாறும் என்றால் வேறாகும்.
என்னவாக என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏலக்காட்டில் மருந்தடித்த மறுநாள்
ரப்பர் உறைக்குள் வேர்வை ஊறி
இரண்டு புறங்கையும் தடித்துவிடும்.
போர்வைக்குள் சொறிகிற சத்தத்தில்
வீட்டுக்காரர் திண்டாடி எழுந்து
விளக்கைப் போடுவார்.
அந்த டியூப் இரண்டே ராத்திரியில்
எங்கள் இருவரையும் தூங்கவைத்தது.

அப்புறம் சும்மா இருப்பேனா?
விடியுமுன் மேட்டு ரோட்டில் ஏறும் ஜீப்பில்
பதினாலு பேர்.
மூணாவது வளைவில் என் மடியிலிருந்து கிளம்பும்,
ஒன்பதாவது வளைவுக்குள்
பின்சீட்டுக்குப் போய்விடும்.
ஒச்சம்மாவுக்கு இடுப்பில் வட்டமாய்ப் படை.
சுருளிக்கு, கைக்குழந்தையின் தொடையிடுக்குச் சிவப்பு.
பவுன்தாய்க்கு ஒரு நோயும் இல்லை,
தை மாசம் நிச்சயம், அவ்வளவுதான்.
மூன்றாம் நாளே கன்னம் பளிச்சென்றது.
"அக்கா, உன் கை ராசி" என்றாள்.

கார்த்திகை முடியுமுன்
ஒச்சம்மாவின் வட்டம் விளிம்பை இழந்து
தொடைவரை இறங்கியது.
பவுன்தாயின் கன்னத்தில்
வெங்காயத் தோலின் உள்ளே தெரிவதுபோல
சிவப்பு நரம்பு ஓடியது.
மேலே பருக்கள், ஓரத்தில் பூனைமுடி.
பூசாமல் விட்டால் எரிகிறது என்று
மறுபடி பூசிக்கொண்டிருந்தாள்.

விஷம் விஷம் என்று
பாதி டியூப்பைப் பள்ளத்தில் எறிந்தது நான்தான்.
அதற்குப் பிறகு வேப்பிலை, மஞ்சள்,
யாரோ சொன்ன மண்ணெண்ணெய்கூட.
புறங்கை வெடித்து
ஏலக்காய்ப் பச்சையில் ரத்தம் பட்டது.
கங்காணி வர்க்கீஸ் முறத்தை நகர்த்திவைத்தார்.

வியாழக்கிழமை. கம்பம் பெரியாஸ்பத்திரி. தோல் டாக்டரம்மா.
எல்லாம் சொன்னேன், எறிந்ததையும்.
எதிர்பார்த்த திட்டு வரவில்லை.
"மருந்தை ஏன் எறிஞ்சே? ஊருக்குப் பங்கு வச்சதைத்தான் எறியணும்."
புது டியூப்பைத் திறந்து
என் ஆள்காட்டி விரல்நுனி தொடங்கி
முதல் ரேகைவரை ஒரு கோடு பிதுக்கினார்.
பார்த்தால் எறும்புக்கு வைக்கிற அளவு.
இரண்டு புறங்கைக்கும் இதுதானாம்.
ராத்திரி ஒரு வேளை, பதினைந்து நாள்,
அப்புறம் வந்து காட்டணும்.
வறட்சிக்கு வெள்ளைக் களிம்பு வேறு,
அது எத்தனை தடவை வேண்டுமானாலும்,
ஆனால் இரண்டுக்கும் நடுவில் அரைமணி நேரம்.
ரப்பர் உறைக்குள் பருத்தி உறை.

பயந்து பயந்து தடவாதே, ஆசைப்பட்டும் தடவாதே என்றார்.
இரண்டையும் நான் செய்து முடித்திருந்தேன்.

அடுத்த வியாழன் மூன்று பேரையும் இழுத்துப் போனேன்.
ஒச்சம்மாவுக்கு வந்தது பூஞ்சையாம்,
அதற்கு நான் கொடுத்தது மருந்தல்ல, தீனி.
குழந்தைக்குப் பூசியதைக் கேட்டபோதுதான்
டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.
பச்சைத்தோல், ஈரத்துணி,
உள்ளே இழுக்கும் என்றார்.
சுருளி அழுதாள்.
நான் சுவரில் இருந்த தேதித்தாளைப் பார்த்தேன்.
பவுன்தாயிடம் மட்டும் ரொம்ப மெதுவாய்ச் சொன்னார்:
கொஞ்ச நாள் எரியும், வீங்கும், மாசக்கணக்காகும்,
நீயாக எதையும் பூசாதே, என்னிடம் வா.

நிச்சயம் பங்குனிக்குத் தள்ளிப்போனது.
என்ன காரணம் சொன்னார்களோ.

இப்போது என் டியூப் வீட்டில்,
துணிப்பிளாஸ்திரியில் என் பேர் எழுதி
அரிசிப்பானைக்கு மேலே.
வெள்ளைக் களிம்பு டப்பா மட்டும் ஜீப்பில் வருகிறது.
இன்றைக்கு ஐந்தாவது வளைவில்
முன்னால் ஒரு கை நீண்டது.
முக்காட்டுக்குள் முகம் என் பக்கம் திரும்பவில்லை.
"இது வெறும் களிம்புதான்" என்றேன்.
"டாக்டரம்மா சொல்லிட்டாங்க, தெரியும்."
வளையல் சத்தம் மட்டும் கேட்டது.
பன்னிரண்டாவது வளைவில் டப்பா திரும்பி வந்தது,
மூடி சரியாக மூடாமல்.