காலாவதி 6:01

சனிக்கிழமை. ஐந்து பதிமூன்று.
"சௌடேஸ்வரி ஐடியை இப்பவே மூடிருங்க.
அந்தப் புள்ளகிட்ட இன்னும் சொல்லலைங்க."
நல்லசிவம் சார், வாட்ஸ்அப்பில்.
காரணம் எழுதவில்லை.
கும்பிடும் கை ஒன்று மட்டும்.

மூடினேன்.
அவள் பெயருக்கு எதிரே இருந்த பொட்டு
பச்சையிலிருந்து சாம்பலாயிற்று.
இனி புது டோக்கன் அவளுக்குக் கிடைக்காது.

பழையது கையில் இருக்கிறது.
ஐந்து ஒன்றுக்கு வாங்கியது.
ஆறு ஒன்று வரை செல்லும்.

இதை எப்படிச் சொல்ல அவருக்கு?
எங்கள் ஏபிஐ வாசலில் நிற்பவன்
யாரையும் போய்க் கேட்டு வரமாட்டான்.
முத்திரை சரியா, யார் கொடுத்தது,
இந்த வாசலுக்குத்தானா,
நேரம் மிச்சமிருக்கிறதா
பார்ப்பான், விடுவான்.
ஆள் வேலையில் இருக்கிறாளா என்பது
அந்தச் சீட்டில் எழுதப்படுவதில்லை.
ரத்துப் பட்டியல் ஒன்று வேண்டுமென்று
பங்குனியிலேயே கேட்டேன்.
"அடுத்த ஆர்டர் வரட்டும், பாக்கலாமுங்க."

நாற்பத்தெட்டு நிமிடம்.
ஊத்துக்குளி ரோட்டில் டீ குடித்துத் திரும்பலாம்.
ஒரு கம்பெனியையும் கவிழ்க்கலாம்.
பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஐந்து இருபத்தைந்துக்குக் கண்ணாடி அறைக்குள் போனாள்.
முப்பத்தொன்றுக்கு வெளியே வந்தாள்.
அழவில்லை.
"சித்த நேரம் குடுங்க,
லேப்டாப்பத் தொடச்சு வெச்சுட்டுப் போறனுங்க"
என்றது என் மேஜை வரைக்கும் கேட்டது.

முப்பத்துமூன்றில் முதல் வரி விழுந்தது.
அவள் பெயர். இருநூறு.
இருநூறு என்றால் சரி என்று அர்த்தம்.
விலைப்பட்டியல் போகிறது என்று நினைத்தேன்,
ஜெர்மனிக்காரன் டிசைன் போகிறது என்று நினைத்தேன்.
வரியைப் பிரித்தேன்:
ஓவர்டைம் ஒப்புதல்.
செக்கிங் செக்ஷன்.
ஞாயிற்றுக்கிழமை, ஒன்னரை ஷிப்ட்.
டோக்கன் நம்பர் 212.

அடுத்தது 213.
அடுத்தது 219.
மூன்று வாரமாய்க் கிடப்பில் போட்ட பெண்கள்.
எட்டு மணிக்குச் சம்பளக் கவர்.

இருநூறு, இருநூறு என்றான் வாசல்காரன்
ஒவ்வொருத்திக்கும்.
அந்த அரை ஷிப்ட் கூலியும்
ஏறக்குறைய அவ்வளவுதான்.

கேட்வேயை நிறுத்தலாம். விரல் அங்கேதான் இருந்தது.
நிறுத்தினால் பெருந்துறை சாயப்பட்டறை நிற்கும்,
தூத்துக்குடி கன்டெய்னர் பில் நிற்கும்
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
உண்மைதான்.
முழு உண்மை இல்லை.

இடையில் ஒருமுறை நான்கு நிமிடம் ஒன்றும் வரவில்லை.
யாரோ பக்கத்தில் வந்து நின்றிருப்பார்கள்.
அந்த நான்கு நிமிடமும்
எனக்குத்தான் மூச்சு முட்டியது.

ஆறு ஒன்று.
நானூற்றொன்று.
மறுபடியும் நானூற்றொன்று.
ஆறு இரண்டு. நானூற்றொன்று.
அப்புறம் அவள் பெயரில் வரியே இல்லை.
கீழே ஸ்கூட்டி கிளம்பும் சத்தம்;
அது அவளுடையதா, தெரியாது.

எண்ணினேன்.
முப்பத்தெட்டுக்கு முப்பத்துநாலு.

என் டோக்கன் புதுசு, பத்து நிமிடம்கூட ஆகவில்லை.
மீதி நாலையும் நானே அழுத்தினேன்.
நானூற்று மூன்று:
நீ யாரென்று தெரியும், உனக்கு அனுமதி இல்லை.

அந்த விதியை எழுதியது நான்தான், தை மாதம்.
ஆளைத் திறக்கவும் மூடவும் எனக்கு உண்டு,
கூலியைச் சரியென்று சொல்ல எனக்கு இல்லை.
"இப்படித்தானுங்க இருக்கோணும்" என்று
ஆடிட்டர் அன்றைக்கு மெச்சினார்.

நாலு எண்ணையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
240. 241. 256. 260.
கண்ணாடிக் கதவைத் தட்டினேன்.

நல்லசிவம் சார் நிமிர்ந்தார்.
"என்னங்க, மூடியாச்சுங்களா?"